பாறை, மணல், ஏரி, காடு: வேலூர்ப் பக்கத்து இயற்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆற்காடு என்றால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை நான்கும் சேர்ந்தது. பள்ளிப் பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், கழனி வைத்திருப்பவர்கள், காலையில் ஏரிக்கரையில் நடப்பவர்கள் எனப் பலரும் கேட்கிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் புல்வெளி, பனிப்பிரதேசம், பவளப்பாறை என்று உதாரணம் இருக்கும், பரீட்சைக்கு அது போதும். நம் கண்ணெதிரே இருக்கிறதைப் புரிந்துகொள்ள நம்ம ஊர் உதாரணம்தான் வேண்டும்.

உயிருள்ள காரணி, உயிரற்ற காரணி என்றால் என்ன?

வெயில், மழை, காற்று, மண், பாறை, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, ஆக்சிஜன் இதெல்லாம் உயிரற்றவை. மரம், புல், ஆடு, கறையான், மீன், பாக்டீரியா, பூஞ்சை, மனிதர் எல்லாம் உயிருள்ளவை. இரண்டும் ஒரே இடத்தில் ஒன்றையொன்று பாதித்துக்கொண்டு இருப்பதைத்தான் சூழல் மண்டலம் என்கிறோம். விளக்கம் அவ்வளவுதான். ஆனால் இரண்டையும் இரண்டு பட்டியலாக எழுதி மனப்பாடம் செய்தால் ஒன்றும் விளங்காது. பாறையை மண்ணாக்குவதில் பாசிக்கும் வேருக்கும் பங்கு உண்டு, மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதில் கறையானுக்கும் மண்புழுவுக்கும் பங்கு உண்டு, ஏரித் தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதைப் பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று கோடு போடவே முடியாது.

இத்தனை காரணிகளில் நம்ம பக்கத்துக்கு எது முக்கியம்?

எது தேவைக்குக் குறைவாக இருக்கிறதோ அதுதான் மற்ற எல்லாவற்றையும் கட்டிப்போடும். அதைக் கட்டுப்படுத்தும் காரணி என்பார்கள். நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை, அதனால் அது தண்ணீர்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ‘மழை பத்தவில்லை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோமே, அங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை. வேலூரில் ஆண்டுக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. லண்டனில் ஏறக்குறைய 600தான். அங்கே ஆண்டு முழுக்கப் புல் பச்சையாக இருக்கிறது, இங்கே ஏப்ரலில் கரம்பெல்லாம் காய்ந்து வெளுத்துக் கிடக்கிறது. அங்கே மழை கொஞ்சம் கொஞ்சமாக எல்லா மாதமும் தூறுகிறது, வெயில் குறைவு, பெய்தது நிலத்திலேயே தங்குகிறது. இங்கே தென்மேற்குப் பருவமழையில் பாதி, வடகிழக்கில் பாதி என்று சில வாரங்களில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது, மீதி நாளெல்லாம் வெயில் உறிஞ்சுகிறது.

எவ்வளவு பெய்தது என்பதைவிட, பெய்தது எத்தனை நாள் தங்கியது என்பதுதான் நம் காட்டையும் ஏரியையும் ஆற்றையும் தீர்மானிக்கிறது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான் வரும்.

வேலூரில் மலைகள் ஏன் மொட்டையாக இருக்கின்றன? வெயில் ஏன் இப்படிக் கொளுத்துகிறது?

‘மரம் இல்லாத மலை, தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை’ என்று நம் ஊரைச் சொல்வார்கள். 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சாமி திரும்ப வந்துவிட்டது, மலையும் ஆறும் மட்டும் அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன.

ஊரைச் சுற்றியிருக்கும் குன்றுகள் கெட்டிப் பாறை. பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் விடும், அதனால்தான் மே மாதத்தில் பத்து மணிக்கும் மொட்டை மாடி கொதிக்கிறது. கடல் தூரம் என்பதால் சென்னைக்கு மதியம் கிடைக்கிற கடற்காற்று நமக்குச் சாயங்காலம் தாண்டித்தான் வருகிறது, பல நாள் வருவதே இல்லை.

ஆனால் பாறை என்பதாலேயே மரம் முளைக்காது என்று இல்லை. குன்றின்மேல் ஏறிப் பார்த்தால் பாறை வெடிப்புகளில் கொஞ்சம் மண் சேர்ந்திருக்கும், அங்கே ஒரு ஆலோ இச்சியோ வேரை உள்ளே விட்டு நிற்கும். வெடிப்பில் விழுந்த மழைத்தண்ணீர் வெயில் படாமல் பல வாரம் தங்குகிறது, அது போதும் அதற்கு. வழவழப்பான பாறை முகத்தில் சாம்பலும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக ஒட்டியிருப்பது லைக்கன், அதாவது பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிர். அது கசியவிடும் அமிலம் பாறையை மெல்ல அரிக்கிறது, தூசி சேர்கிறது, அதில் புல் முளைக்கிறது, புல் மக்கி மண்ணாகிறது, அந்த மண்ணில் செடி வருகிறது. இப்படி ஓர் அங்குல மண் சேர நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். கோடையில் யாரோ வைக்கிற தீ ஒரே மத்தியானத்தில் புல்லையும் கன்றுகளையும் எரித்துவிடுகிறது, அடுத்த மழை பிடிமானம் இல்லாத அந்த மண்ணைக் கீழே அடித்துக்கொண்டு போகிறது, மிச்சம் துளிர்த்ததை ஆடு மேய்கிறது. மலை மொட்டையாக இருப்பதற்குப் பாறை பாதிக் காரணம், தீ மீதிக் காரணம் என்பது என் கணிப்பு. தீயை நிறுத்தி மேய்ச்சலைக் கட்டுப்படுத்திய சரிவுகளில் சில ஆண்டுகளிலேயே உசிலையும் வேம்பும் தானாக எழுந்து வரும்.

ஏலகிரிக்குப் போனால் காற்றும் மரமும் வேறாக இருக்கிறதே?

மேலே போகப் போக ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் சராசரியாக ஆறரை டிகிரி சூடு குறையும். ஏலகிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர். கீழே ஜோலார்பேட்டையே சுமார் 400 மீட்டரில் இருப்பதால் இடையில் நான்கைந்து டிகிரி வித்தியாசம்தான். கேட்க அற்பமாகத் தெரியும், ஆனால் ஆவியாதல் குறைகிறது, காலைப் பனி தங்குகிறது, மண் ஈரம் சில வாரம் கூடுதலாக நிற்கிறது. அந்தச் சில வாரம்தான் பலாவும் அங்கே நன்றாக வருவதற்கு இடம் கொடுக்கிறது.

கோடையில் ஜவ்வாது மலைக் காடு செத்துப்போன மாதிரி இருக்கிறதே, வறட்சியா?

இல்லை. அது இலையுதிர் காடு. பிப்ரவரி தாண்டியதும் பெரும்பாலான மரங்கள் இலையை உதிர்த்துவிடும், ஏனென்றால் தண்ணீர் வெளியேறுவது இலை வழியாகத்தான். உதிர்ந்த சருகு தரையை மூடி மண் ஈரத்தைக் காக்கிறது, மழை வந்ததும் மக்கி உரமாகிறது. சருகைக் குப்பை என்று நினைத்துக் கொளுத்துகிறவர்களைப் பார்த்தால் உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

சந்தன மரத்தை வீட்டில் தனியாக நட்டால் ஏன் சரியாக வளர்வதில்லை?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஜவ்வாது மலை என்றாலே சந்தனம், திருப்பத்தூரில் அரசுச் சந்தனக் கிடங்கே இருக்கிறது. ஆனால் சந்தனம் தன் காலில் மட்டும் நிற்கிற மரம் இல்லை. அது பாதி ஒட்டுண்ணி. இலை பச்சையாகத்தான் இருக்கிறது, வெயிலில் தன் உணவைத் தானே சமைத்துக்கொள்கிறது. தண்ணீரையும் தாது உப்பையும் மட்டும் பக்கத்து மரத்தின் வேரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வேரைப் பதமாகத் தோண்டிப் பார்த்தால், சந்தன வேர் இன்னொரு செடியின் வேரைத் தொடுகிற இடத்தில் சின்னக் குமிழ் மாதிரி ஓர் உறுப்பு ஒட்டிக்கொண்டு இருப்பது தெரியும். உறிஞ்சுவது அந்த வழியாகத்தான். அதனால்தான் நாற்றங்காலிலேயே சந்தனக் கன்றோடு துவரையோ பொன்னாங்கண்ணியோ சேர்த்து வைப்பார்கள், நட்ட பிறகு பக்கத்தில் புங்கம், சவுக்கு மாதிரித் துணை மரம் வேண்டும்.

இதில் உயிரற்றது எங்கே வருகிறது என்றால், மண்ணில் தண்ணீர் தேங்கினால் அந்த வேர்கள் அழுகிவிடும், அதனால் வடிகால் உள்ள செம்மண் சரிவுதான் அதற்குப் பிடித்தம். பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போடக் குயிலும் கொண்டைக்குருவியும் வேண்டும். ஒரு பூச்சி பரப்பும் நுண்ணுயிரால் இலை சிறுத்து மரம் காய்ந்துபோகிற கதிர்நோயும் இருக்கிறது. வைரம் பாய்ந்து வாசனை ஏறப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அத்தனையும் கூடிவந்த மரத்தை ஒரு ராத்திரியில் வெட்டிக்கொண்டு போனால் திரும்ப வருவதற்கு ஒரு தலைமுறை ஆகும்.

முதல் மழைக்கு ஈசல் எங்கிருந்து இவ்வளவு வருகிறது?

மண்ணுக்கு அடியில் இருக்கும் கறையான் புற்றிலிருந்து. மண் நனைந்து இளகியதும், காற்றில் ஈரப்பதம் ஏறியதும் இறக்கை முளைத்த கறையான்கள் கூட்டமாக வெளியே வரும். அவற்றைத் தின்னக் கரிச்சான், தவளை, பல்லி, ஓணான், நாம் வளர்க்கும் கோழி எல்லாம் வரிசை கட்டும். தவளையைத் தேடிப் பாம்பு வரும். ஒரே ஒரு மழை, அதற்கு இத்தனை பேர் காத்திருக்கிறார்கள். நம்ம பக்கம் ஈசலை வறுத்துப் பொரியோடு சேர்த்துத் தின்பவர்களும் உண்டு, மழை விட்டதும் புற்றுக்காளான் பறிக்கப் போகிறவர்களும் உண்டு. அந்தக் காளான் கறையான் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சையின் பூதான். கறையான் தோண்டிய ஓட்டைகள் வழியாக மழைநீர் கெட்டி மண்ணுக்குள்ளும் இறங்குகிறது. கொல்லையில் புற்று இருந்தால் வீட்டுச் சுவருக்கு எட்டாத தூரமாக இருக்கும்பட்சத்தில் விட்டுவிடுங்கள்.

பாலாறு காய்ந்துதானே கிடக்கிறது? அதை எப்படி ஆற்றுச் சூழல் என்று சொல்வது?

கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் தொடங்கி, ஆந்திரத்தைத் தாண்டி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு வழியாகக் கடலுக்குப் போகும் இந்த ஆறு 348 கிலோமீட்டர், அதில் 222 நம் மாநிலத்தில். மேலே தண்ணீர் ஓடுவது ஆண்டில் சில நாள், சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. ஆனால் பாலாறு மேலே ஓடுவதைவிடக் கீழே ஓடுகிற ஆறு. மணல் துகள்களுக்கு இடையில் உள்ள இடைவெளி மொத்தக் கனத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இருக்கும், அதெல்லாம் தண்ணீர் நிற்கிற இடம். மேல்பரப்பு காய்ந்துவிட்டால் அந்தக் காய்ந்த மணலே மூடியாகி அடியில் உள்ளதை வெயிலிலிருந்து காப்பாற்றிவிடும். ஏரியில் நிற்கும் தண்ணீர் கோடையில் ஆவியாகிப் போகும், மணலுக்குள் ஆழத்தில் நிற்பது அவ்வளவாகப் போகாது. இதைத் தெரிந்துதான் பெரியவர்கள் ஆற்றில் ஊற்றுக்கால் வெட்டிப் பல மைல் தூரத்துக் கழனிக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள்.

நல்ல மணல் உள்ள இடத்தில் கையால் தோண்டினால் முதலில் சுடும், முழங்கை ஆழத்தில் குளிரும், அப்புறம் மணல் நிறம் மாறிக் கையில் ஒட்டும். அந்த ஈரத்தில் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் துகள்களின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு, வருகிற தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்று சுத்தம் செய்கின்றன. கரையோர நாவலும் மருதும் வேரை அங்கேதான் நீட்டியிருக்கின்றன.

மணலை அள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். அள்ளிய பள்ளத்தில் களிமண் தெரிகிறது, அடுத்த வெள்ளம் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடிக் கடலுக்குப் போகிறது, கரையில் இருக்கும் கிணறு இறங்குகிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனதை எல்லாரும் பாலத்தில் நின்று பார்த்தோம். அவ்வளவு தண்ணீரில் எவ்வளவு பிடித்துவைக்க முடிந்தது என்பது மணல் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதைப் பொறுத்தது. உயிரற்ற காரணி ஒன்றை எடுத்துவிட்டால் உயிருள்ளவை வரிசையாகப் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம் மாவட்டத்தில் இல்லை.

ஏரி இயற்கையா, செயற்கையா?

மனிதர் கட்டியது, இயற்கை குடிவந்தது. காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது, பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது. ஏரி நிறைந்து கோடி போகிற, அதாவது உபரித் தண்ணீர் வழிகிற மாதத்தில் அது ஆழமான நீர்நிலை, கெண்டையும் கெளுத்தியும் விராலும் பெருகும். ஜனவரிக்குப் பிறகு ஓரம் வற்ற வற்றச் சேறு தெரியும், அங்கே நத்தை குத்தி நாரைகளும் மடையான்களும் இறங்கும். மே மாதம் அது மேய்ச்சல் நிலம். வெடித்த களிமண்ணுக்கு அடியில் நத்தை ஓட்டை மூடிக்கொண்டு தூங்குகிறது, நண்டு வளைக்குள் இருக்கிறது. ஒரே இடம் ஓர் ஆண்டுக்குள் மூன்று சூழல் மண்டலமாக மாறுகிறது. ஆண்டு முழுக்க விளிம்புவரை தண்ணீர் நின்றால் அந்த நாரைகளுக்கு இரை தேட இடம் இருக்காது. அதனால் ஏரி வற்றுவதையே கேடு என்று நினைக்க வேண்டாம். தூர் வாருகிறோம் என்று ஓரத்தையும் செங்குத்தாக வெட்டி, சுற்றிக் கான்கிரீட் போட்டு, நடைபாதை அமைப்பதுதான் எனக்குக் கவலை.

மழை மூட்டமான நாளுக்கு மறுநாள் விடியற்காலை ஏரியில் மீன் செத்து மிதக்கிறது. யாராவது விஷம் கலந்தார்களா?

கலந்திருக்கலாம், ஆனால் பல முறை காரணம் மூச்சுத்திணறல்தான். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 20 டிகிரியில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 35 டிகிரியில் 7 கூட வராது. சூடு ஏறினால் மீனுக்கு மூச்சுத் தேவை கூடும், தண்ணீரில் இருப்பதோ குறையும். இதன்மேல் சாக்கடையும் கழனி உரமும் வந்து சேர்ந்தால் நைட்ரஜனும் பாஸ்பரசும் ஏறிப் பாசி பெருகும், தண்ணீர் பச்சைக் குழம்பாகும். பகலில் அந்தப் பாசி ஆக்சிஜன் விடும். ராத்திரியில் வெயில் இல்லை, பாசியும் ஆக்சிஜனை இழுத்து மூச்சுவிடும், செத்த பாசியை மக்க வைக்கிற பாக்டீரியாவும் அப்படியே. அதனால் விடியும் நேரம்தான் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். முந்தின நாள் மேகமூட்டம் என்றால் பகலிலும் சேமிப்பு இல்லை.

விஷமா மூச்சுத்திணறலா என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம். மூச்சுத்திணறல் என்றால் விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், முதலில் கெண்டை வகைதான் போகும், காற்றை நேரடியாகச் சுவாசிக்கத் தெரிந்த விரால் மாதிரி மீன்கள் பிழைத்துக்கிடக்கும். விரால், தவளை, பாம்பு எல்லாம் சேர்ந்து செத்திருந்தால், அல்லது பட்டப்பகலில் செத்தால், வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். அப்போது தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்துவைத்துவிட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொல்லுங்கள். அந்த மீனை யாரும் எடுத்துக்கொண்டுபோய்க் குழம்பு வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகாயத்தாமரை தண்ணீரைச் சுத்தம் செய்கிறது என்கிறார்களே?

உரச்சத்தை உறிஞ்சும் என்பது உண்மை. அதை அள்ளி வெளியே போட்டால் அந்தச் சத்தும் வெளியேறும். அள்ளாமல் விட்டால் அது மூடிய ஏரியில் வெயிலும் உள்ளே போகாது, காற்றும் கலக்காது, கடைசியில் அதுவே அழுகி அடியில் படியும்.

தோல் தொழிற்சாலைக் கழிவில் குரோமியம் மட்டும்தானே பிரச்சினை?

பேச்சில் குரோமியம்தான் அதிகம் அடிபடும். ராணிப்பேட்டையில் மூடிய ஆலை ஒன்றின் குரோமியக் கழிவு மேடு இன்னும் பெரிய தலைவலிதான். ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் கழனியைக் கெடுத்ததில் சாதாரண உப்புக்குப் பெரிய பங்கு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பிட்டுக் கொண்டுவருவார்கள், அதைக் கழுவுகிற தண்ணீரில் அத்தனை உப்பும் வரும். உப்பை நுண்ணுயிர் எதுவும் தின்று தீர்க்காது, அது மக்காது, தண்ணீர் ஆவியானாலும் மண்ணிலேயே நிற்கும். உப்பு ஏறிய மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் இழுக்க முடியாது. சோடியம் சேர்ந்த களிமண் துகள்கள் பிரிந்து இறுகிப்போய் மழைநீர் உள்ளே இறங்குவதும் நின்றுவிடும். வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கும் அந்த வழக்கு நம்ம பாலாற்றங்கரையிலிருந்து போனது.

வேலிக்காத்தான் நல்லதா, கெட்டதா?

வெட்ட வேண்டியதுதான், ஆனால் எங்கே என்று யோசித்து. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த மரம். காயை ஆடும் மாடும் தின்று விதையைச் சாணத்தோடு பரப்புகின்றன, வேர் ஆழம், அடியில் வேறு செடி வரவிடாது. ஆற்றுப்படுகை, ஏரி உள்வாய், வரத்துக்கால்வாய் மூன்றிலும் அது இருக்கக் கூடாது. ஆனால் அதில் கரி சுட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. வேரோடு எடுத்துவிட்டு உடனே உள்ளூர் மரம் வைக்காவிட்டால் அடுத்த மழைக்கு அதுவே இரண்டு மடங்காக முளைத்து நிற்கும்.

இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் அந்த ஊரில் மட்டும் ஏன் அவ்வளவு ருசி?

2023இல் புவிசார் குறியீடு கிடைத்த காய் அது. விதை, மண், தண்ணீர், வெயில், விவசாயியின் கைப்பக்குவம் எல்லாம் சேர்ந்ததுதான் ருசி. ஆனால் ஒருவரை எல்லாரும் மறந்துவிடுகிறோம். கத்திரிப்பூவில் மகரந்தம் வெளியே தூவிக்கிடக்காது, மஞ்சள் குழல்களுக்குள் அடைபட்டிருக்கும், நுனியில் சின்ன ஓட்டைதான் வழி. கறுப்பாகப் பெரிதாக ரீங்கரித்துக்கொண்டு வருமே தச்சன் வண்டு, அது பூவைப் பிடித்துத் தொங்கி உடம்பை அதிரவைக்கும், மகரந்தம் உதிரும். காலையில் செடிப் பக்கம் நின்றால் பறக்கும்போது ஒரு சத்தம், பூவில் தொங்கும்போது உச்சத்தில் வேறொரு சத்தம் என்று காதிலேயே தெரியும். காற்றிலும் ஓரளவு காய் பிடிக்கும், வண்டு வந்தால் கூடுதலாகப் பிடிக்கும். அந்த வண்டு கூடு கட்டுவது காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும். வரப்பில் நிற்கும் பட்ட மரத்தையெல்லாம் விறகுக்கு வெட்டி, பூ நேரத்தில் மருந்தும் அடித்தால் அது எங்கே போகும்?

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் யானை ஏன் வருகிறது?

எல்லையைத் தாண்டி ஆந்திரத்தில் கௌண்டின்யா சரணாலயம் இருக்கிறது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் யானையே இல்லாத அந்தக் காட்டுக்கு 1980களில் யானைகள் திரும்ப வந்தன. ஒரு யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ அளவுக்குத் தீனியும் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரும் வேண்டும். அது வறண்ட சிறு காடு, கோடையில் கானாறு வற்றிவிடும், கீழே வாழையும் கரும்பும் மாவும் பச்சையாகத் தெரிகின்றன. காட்டுக்குள் தண்ணீர் சில வாரம் கூடுதலாகத் தங்கினால் சண்டை குறையும். முழுதாகத் தீராது.

நாங்கள் ஏதாவது செய்தால் உண்மையில் மாறுமா?

மாறும். ஜவ்வாது மலையிலிருந்து கணியம்பாடிப் பக்கம் இறங்கிவரும் நாகநதியில், நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் உறைகிணறுகளும் சின்னத் தடுப்புகளும் அமைத்தார்கள். ஓடுகிற தண்ணீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்குவதுதான் அந்த வேலையின் சாரம், சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது.

பள்ளிச் செயல்திட்டத்துக்கு எதை எடுக்கலாம்?

வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஏரியோ குட்டையோ போதும், கோட்டை அகழிகூட நல்ல இடம். வாரம் ஒருமுறை ஒரே நேரத்துக்குப் போங்கள். ஒரு கல்லில் பெயின்ட் அடையாளம் வைத்துத் தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று அளந்து எழுதுங்கள். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி எவ்வளவு ஆழத்தில் மறைகிறது என்று பாருங்கள், கலங்கலும் பாசியும் அதில் தெரிந்துவிடும். சாதாரண வெப்பமானியால் ஓரத்திலும் நடுவிலும் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். வந்த பறவைகளைப் பெயர் தெரியாவிட்டாலும் அலகு, கால், நிறம் வரைந்து எண்ணி எழுதுங்கள். டிசம்பரில் ஆரம்பித்து ஏப்ரல் வரை எழுதினால், நீர்மட்டம் இறங்க இறங்க எந்தப் பறவை போய் எந்தப் பறவை வருகிறது என்று உங்கள் நோட்டிலேயே வந்துவிடும். ஆழம் தெரியாத இடத்தில் இறங்க வேண்டாம், பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.